ஆபீஸ் பிரின்டரும் நெட்வொர்க் வார்த்தைகளும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆறு இருக்கு தண்ணி இல்லை, கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை என்பார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் இரு கரை தொட்டு ஓடி, கிண்டல் செய்தவர்கள் வாயை அடைத்தது. ஆபீஸ்களில்தான் கிண்டல் இன்னும் ஓயவில்லை: பிரின்டர் இருக்கு, பிரின்ட் இல்லை.

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை என்று சின்னச் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர், பிரின்டர் வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. போனில் "ஐபி என்ன காட்டுது சார்?" என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மிஷினை இறக்கி வைத்துவிட்டுப் போனவர் யாரும் சொல்லித் தரவில்லை. அப்படி வந்த கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், நம் பக்கம் பெரும்பாலும் அதுதானே.

ஜெராக்ஸ் எடுத்தால் வருகிறது. கம்ப்யூட்டரிலிருந்து கொடுத்தால் மட்டும் 'ஆஃப்லைன்' என்கிறது. மிஷின் ரிப்பேரா?

மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

நம் ஊர் வீட்டு வாசல்களில் 'பழைய எண் 14, புதிய எண் 32' என்று பலகை பார்த்திருப்பீர்கள். பழைய எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிற கூரியர் தம்பி தெருவை மூன்று சுற்று சுற்றிவிட்டு, 'டோர் லாக்' என்று எழுதிப் பார்சலைத் திருப்பிவிடுவார். வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார். ஆஃப்லைன் என்பது பத்தில் ஏழெட்டு தடவை இந்தக் கதைதான். பிரின்டரின் எண் மாறிவிட்டது. கம்ப்யூட்டர் பழைய எண்ணில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

எண் எப்போது மாறும்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் எடுத்த கரண்டை மாலையில் கொடுப்பார்களே, அதற்கு மறுநாள்தான் எனக்கு போன் குவியும். "அண்ணா, மிஷின் உசுரோடதான் கீது, கம்ப்யூட்டர்லதான் செத்துட்ட மாதிரி காட்டுது" என்று ஆற்காட்டிலிருந்து ஒரு தம்பி சொன்னான். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. கரண்ட் வந்ததும் நெட் கொடுக்கிற பெட்டியான ரவுட்டரும், பிரின்டரும், எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் எழுந்து எண்ணுக்குக் கை நீட்டுகின்றன. நேற்று பிரின்டரிடம் இருந்த எண்ணை இன்று யாரோ ஒருவரின் செல்போன் வாங்கிக்கொண்டிருக்கும்.

ஐபி அட்ரஸ் என்று நீங்கள் சொல்வது அந்த எண்ணைத்தானா?

ஆமாம். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஆபீசுக்குள் பெரும்பாலும் 192.168.1.50 மாதிரி இருக்கும். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, இந்த மூன்று வரிசையையும் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் ஆபீசிலும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியிலும் இதே 192.168.1.50 இருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது. எல்லா ஊரிலும் ஒரு காந்தி ரோடு இருக்கிற மாதிரி.

எங்கள் பிரின்டரின் ஐபியை எங்கே பார்ப்பது?

சின்னத் திரை உள்ள மிஷின் என்றால் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் என்ற இடத்தில் இருக்கும். திரை இல்லாததில் ஏதாவது ஒரு பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஒரு தாள் அச்சாகி வரும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்தத் தாளைக் குப்பையில் போடாதீர்கள். ஐபி, மேக் அட்ரஸ் (கருவியின் மாறாத அடையாளம், கீழே சொல்கிறேன்), வைஃபை பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

கிடைத்த எண்ணைக் கம்ப்யூட்டரில் பிரவுசரின் முகவரிப் பட்டியில் அப்படியே அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். பிரின்டரே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டும்: டோனர் எவ்வளவு மிச்சம், எந்தத் தட்டில் பேப்பர் இல்லை என்பதெல்லாம் அதில் தெரியும். பல வருஷமாக அந்த மிஷினில் வேலை பார்ப்பவர்களே இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். பக்கம் திறந்தால் பிரின்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்; பிறகு கோளாறைக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் தேடினால் போதும்.

டிஎச்சிபி, ஸ்டாட்டிக் ஐபி, ரிசர்வேஷன்: மூன்றில் எது நல்லது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டிஎச்சிபி என்பது ரவுட்டருக்குள் இருந்து எண் கொடுக்கிற ஆள். யார் வந்து கேட்டாலும் காலியாக இருக்கிற ஓர் எண்ணை எடுத்து நீட்டுவார். சொந்தமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான். அதற்குக் காலக்கெடு உண்டு. கெடுவில் பாதி ஓடியதும் எண்ணை வாங்கின கருவி தானாகப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் இது வசதி, ஏனென்றால் அவற்றைத் தேடி யாரும் போவதில்லை. பிரின்டர் அப்படியில்லை. அது வாடிக்கையாளர் தேடி வருகிற கடை. கடையை வாராவாரம் வேறு தெருவுக்கு மாற்றினால் யார் வருவார்?

ஸ்டாட்டிக் என்றால் பிரின்டரின் மெனுவிலேயே 'என் எண் இதுதான்' என்று நிரந்தரமாக எழுதி வைப்பது. பலரும் இதைச் செய்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரின்டர் 192.168.1.50 என்று தானாக உட்கார்ந்துகொண்டது டிஎச்சிபி ஆளுக்குத் தெரியாது. அவர் கணக்கில் 50 காலி. ஒருநாள் புதிதாக வேலைக்கு வந்தவரின் செல்போனுக்கு அதே 50ஐக் கொடுத்துவிடுவார். அந்தச் செல்போன் ஆபீசுக்குள் இருக்கும்வரை பிரின்ட் வருவதும் நிற்பதுமாக இருக்கும். அவர் டீ குடிக்க வெளியே போனால் சரியாகிவிடும். காந்தி நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓட, சாப்பிட்டு வந்தவர்களில் யார் உள்ளே நுழைந்ததும் நின்றது என்று வாசலில் உட்கார்ந்து பார்த்துத்தான் பிடித்தேன்.

அதனால் ஸ்டாட்டிக் போடுவதாக இருந்தால், ரவுட்டரில் டிஎச்சிபி கொடுக்கும் எண்களை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, பிரின்டருக்கு அதற்கு வெளியே ஓர் எண்ணைக் கொடுங்கள்.

என் ஓட்டு ரிசர்வேஷனுக்கு. பிரின்டரில் எதையும் தொடாமல், ரவுட்டருக்குள் போய் 'இந்த மேக் அட்ரஸ் உள்ளவர் வந்தால் இந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது' என்று சொல்லி வைப்பது. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலியில் துண்டு போட்டு வைப்பது போல. பிரின்டரை யாராவது ரீசெட் செய்தாலும் மறுபடி அதே எண்தான் கிடைக்கும்.

மேக் அட்ரஸ் என்றால் ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியதா?

இல்லை, பெயர்தான் ஒன்று போல. கருவி தயாராகும்போதே அதற்குள் பதிக்கப்படும் அடையாளம் இது. எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து பன்னிரண்டு இருக்கும். முதல் ஆறு தயாரித்த கம்பெனியைக் குறிக்கும். ஐபி வீட்டு எண் என்றால் இது ஆதார் எண். ஒரே பிரின்டரில் கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு மேக் இருக்கும். ரிசர்வேஷன் போடும்போது ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை.

ஐபி 169.254 என்று தொடங்குகிறது. இது என்ன வரிசை?

எண் கேட்டுப் பார்த்து, யாரும் கொடுக்காததால் பிரின்டர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். கேபிள் கழன்றிருக்கும், அல்லது கேபிள்களை ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி அணைந்திருக்கும், அல்லது ரவுட்டரில் டிஎச்சிபி வேலை செய்யவில்லை. கேபிளை முதலில் பாருங்கள்.

சப்நெட் மாஸ்க், கேட்வே என்று இரண்டு கட்டம் நிரப்பச் சொல்கிறதே?

சப்நெட் மாஸ்க் என்பது ஐபியில் எதுவரை தெருப் பெயர், எது கதவு எண் என்று பிரித்துக் காட்டுவது. 255.255.255.0 என்று இருந்தால் முதல் மூன்று எண்கள் தெரு, கடைசி எண் கதவு. அப்படிப்பட்ட தெருவில் 254 கருவிகள் வரை குடியிருக்கலாம். சின்ன ஆபீசுக்கு இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை.

கேட்வே தெருமுனை. ஆபீசைத் தாண்டி வெளியே போக வேண்டிய எதுவும் இந்த வழியாகத்தான் போகும். பெரும்பாலும் ரவுட்டரின் ஐபிதான் இது. கேட்வே தப்பாக இருந்தாலும் உள்ளேயே பிரின்ட் வந்துகொண்டிருக்கும், ஆனால் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் போகாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து மெயில் வேலையைத் தொடங்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்திலேயே டிஎன்எஸ் என்று இன்னொரு கட்டம் இருக்கும். வெளியே உள்ள சர்வரின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவது அது. அதிலும் ரவுட்டரின் ஐபியையே போடலாம்.

இன்டர்நெட் கட்டானால் பிரின்ட் வராதா?

வரும். பிரின்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள ரவுட்டர் அல்லது சுவிட்ச் உயிரோடு இருந்தால் போதும். உள்ளூர்ப் பேச்சுக்கு வெளியூர் பஸ் தேவையில்லை. உற்பத்தியாளரின் ஆப் மூலம் மட்டும் அச்சிடும்படி வைத்திருந்தால்தான் சிக்கல்.

நெட் கனெக்‌ஷனை வேறு கம்பெனிக்கு மாற்றினோம். அன்றிலிருந்து பிரின்டர் வேலை செய்யவில்லை. அவர்கள் 'எங்கள் பக்கம் எல்லாம் ஓகே' என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதும் உண்மைதான், உங்கள் கஷ்டமும் உண்மைதான்.

பழைய பெட்டி 192.168.1 என்ற தெருவை வைத்திருந்தது. புதிய பெட்டி 192.168.29 என்ற தெருவோடு வந்திருக்கும். டிஎச்சிபியில் எண் வாங்கும் செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் சத்தம் போடாமல் புதிய தெருவுக்குக் குடிபெயர்ந்துவிடும். எண்ணை நிரந்தரமாக எழுதி வைத்த பிரின்டர் மட்டும் பழைய தெருவிலேயே தனியாக உட்கார்ந்திருக்கும். அந்தத் தெருவே இப்போது இல்லை என்பது அதற்குத் தெரியாது.

இரண்டு வழி உண்டு. பிரின்டருக்குப் புதிய தெருவில் எண் கொடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மாற்றுவது ஒன்று. புதிய பெட்டிக்குள் போய் அதன் உள் ஐபியைப் பழையபடி 192.168.1.1 என்று மாற்றிவிடுவது இன்னொன்று. சிசிடிவி, கைரேகை வருகைப் பதிவு மிஷின் எல்லாம் உள்ள ஆபீஸ் என்றால் நான் இரண்டாவதைத்தான் செய்வேன். ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாம் பழையபடி எழுந்து நிற்கும். நெட் மாற்ற ஆள் வரும்போதே, "பழைய ரவுட்டரில் இருந்த ஐபியையே இதிலும் போட்டுவிடுங்க தம்பி" என்று கேட்டுவிட்டால் என்னைக் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை.

போர்ட் என்றால் கேபிள் சொருகும் ஓட்டைதானே? 9100 என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஓட்டைக்கும் அதே பெயர்தான், குழப்பம் அதில்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குள் போனால் கட்டடத்தைக் கண்டுபிடித்தது மட்டும் போதாது. சீட்டு போட ஒரு கவுன்டர், பணம் கட்ட ஒரு கவுன்டர், ரத்தம் கொடுக்க ஒரு கவுன்டர். ஐபி கட்டடம், போர்ட் எண் கவுன்டர். அச்சு வேலையை நேரடியாக வாங்கிக்கொள்ளும் கவுன்டர் 9100. எச்பி கம்பெனியின் ஜெட்டைரக்ட் கார்டுகளில் தொடங்கி இன்று எல்லாக் கம்பெனியும் வைத்திருப்பது. பழைய எல்பிஆர் முறைக்கு 515. கொஞ்சம் நவீனமான ஐபிபி முறைக்கு 631.

விண்டோஸுக்குள் பிரின்டர் ப்ராப்பர்டீஸில் 'போர்ட்ஸ்' என்று ஒரு தாவல் இருக்கிறது. அங்கே டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் பெயருக்கு டிக் இருந்தால், விண்டோஸ் தானாகப் பிரின்டரைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறது என்று அர்த்தம். சேர்க்கும்போது சுலபம், பிறகு தூங்கி எழுந்த பிரின்டரை அடையாளம் தெரியாமல் ஆஃப்லைன் என்று சொல்லிவிடும். நான் போன இடமெல்லாம் அதை எடுத்துவிட்டு, 'ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்' என்பதைச் சேர்த்து ஐபியைக் கையால் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

ஐபி சரி, பிரவுசரில் பக்கம் திறக்கிறது, போர்ட்டும் சரி. அப்படியும் ஆஃப்லைன்!

அதே தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' பட்டனை அழுத்துங்கள். கீழே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்று ஒரு டிக் இருக்கும். விண்டோஸ் அந்த வழியில் பிரின்டரை அவ்வப்போது நலம் விசாரிக்கும். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடும். சில பிரின்டர்களில் அந்த வசதி அணைந்திருக்கும். டிக்கை எடுத்துவிடுங்கள். பிரின்ட் க்யூ ஜன்னலில் 'யூஸ் பிரின்டர் ஆஃப்லைன்' என்பதற்கு யாராவது கை தவறி டிக் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதற்காக நான் காட்பாடியிலிருந்து பாகாயம் வரை போய்வந்திருக்கிறேன்.

ரிசப்ஷன் மேடம் லீவு போட்டால் யாருக்கும் பிரின்ட் வருவதில்லை. இது என்ன கணக்கு?

உங்கள் பிரின்டர் நெட்வொர்க் பிரின்டரே இல்லை. மேடத்தின் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அங்கிருந்து ஷேர் செய்திருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தாலோ தூங்கினாலோ எல்லோருக்கும் கதவு மூடிவிடும். பிரின்டரின் பின்பக்கம் பாருங்கள். போன் ஜாக்கைவிடக் கொஞ்சம் அகலமான ஓட்டை இருந்தால் அது லேன் போர்ட், அதாவது நெட்வொர்க் கேபிள் சொருகும் இடம். இருநூறு ரூபாய் கேபிளில் முடிகிற வேலையை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

ஷேரிங்கில் இன்னொரு தொல்லை, 11பி என்று முடிகிற எர்ரர். 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் அப்டேட் பாதுகாப்பை இறுக்கியதால் தலைகாட்டியது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். நான் அதைச் செய்வதில்லை. இரண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட் செய்து பார்ப்பேன், முடியாவிட்டால் பிரின்டரை லேனில் மாட்டிவிடுவேன்.

ஸ்பூலர் என்கிறார்களே?

அச்சுக்குக் கொடுத்ததையெல்லாம் வாங்கி வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும் பகுதி. வரிசையின் முதல் ஆள் மயங்கி விழுந்தால் பின்னால் இருப்பவர் யாரும் நகர முடியாது. டெலீட் கொடுத்தாலும் 'டெலீட்டிங்' என்றே நிற்கும். சர்வீசஸ் பட்டியலில் பிரின்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பதைக் காலி செய்துவிட்டு, மறுபடி ஓட விடுங்கள். வரிசையில் இருந்த எல்லோருடைய வேலையும் போய்விடும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பக்கத்துக்கு ஒரு வரி, புரியாத குறிகள், நிறுத்தவே முடியாமல் பேப்பர் ஓடுகிறது. வைரஸா?

டிரைவர், அதாவது கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரின்டரின் மொழியில் மாற்றித் தரும் மென்பொருள், மாறியிருக்கிறது. பிரின்டருக்கும் மொழி உண்டு: பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் 1984இல் வந்தவை, முதலாவது எச்பியினுடையது, இரண்டாவது அடோபியினுடையது. போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத மிஷினுக்கு அதில் எழுதி அனுப்பினால், கட்டளையைப் படம் என்று புரிந்துகொள்ளாமல் எழுத்தெழுத்தாக அச்சடித்துத் தள்ளும். முதலில் பேப்பர் தட்டை உருவுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் வேலையை ரத்து செய்யுங்கள், அதற்குப் பிறகு சரியான மாடலின் டிரைவரைப் போடுங்கள்.

பத்திரம் எழுதுபவர்கள் கேட்கிற கேள்வி வேறு. வீட்டில் தட்டச்சு செய்த கிரயப் பத்திரம் கடையில் திறந்தால் தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது என்பார்கள். அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமில்லை. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், அந்த எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லை. பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். பிடிஎஃபிலும் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால், அச்சிடும் ஜன்னலில் 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேபிளா, வைஃபையா?

கேபிள். மேசை நகராது, பிரின்டரும் நகராது, பிறகு எதற்குக் காற்றை நம்புவது? ஒரே நீளத்தில் 100 மீட்டர் வரை போகலாம், அதற்கு மேல் நடுவில் ஒரு சுவிட்ச் வேண்டும். எலி கடிக்கும் இடம் என்றால் பைப்புக்குள் விடுங்கள். லேன் போர்ட்டுக்குப் பக்கத்தில் குட்டி விளக்கு எரியாவிட்டால் கேபிளோ அதன் முனையோ போய்விட்டது.

வைஃபைதான் வழி என்றால், நிறைய பிரின்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதை ஞாபகம் வையுங்கள். ரவுட்டரில் 5 மட்டும் போட்டு வைத்தால் பிரின்டரின் பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே வராது. செல்போன் 5இல் இருந்து பிரின்டர் 2.4இல் இருந்தால் பரவாயில்லை, ஒரே ரவுட்டர் என்றால் பேசிக்கொள்ளும்.

லாட்ஜ் நடத்துகிறோம். ஆஸ்பத்திரிக்கு வந்து தங்குகிறவர்கள் செல்போனிலிருந்து ரிப்போர்ட் பிரின்ட் கேட்கிறார்கள். அவர்கள் போனில் எங்கள் பிரின்டர் தெரிவதில்லை.

விருந்தினருக்குத் தனி வைஃபை, அதாவது கெஸ்ட் நெட்வொர்க் வைத்திருப்பீர்கள். அதில் இருப்பவர்கள் உள் கருவிகளைப் பார்க்க முடியாதபடி சுவர் எழுப்பியிருக்கும். அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும். கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் தினம் புதுப்புது ஆட்கள் வந்து போகிற இடத்தில் அதை உடைப்பது சரியில்லை. ரிப்போர்ட்டை லாட்ஜ் மெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பச் சொல்லி, ரிசப்ஷனில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.

உங்கள் ஊழியர்களின் போன் என்றால் வேறு கதை. ஐபோனுக்கு ஏர்பிரின்ட், ஆண்ட்ராய்டுக்கு மாப்ரியா. பிரின்டர் அதை ஏற்கும் என்றால் ஒரே வைஃபைக்குள் இருக்கும்போது தானாகத் தெரியும். வைஃபை டைரக்ட் என்பது ரவுட்டரே இல்லாமல் பிரின்டர் தானே ஒரு குட்டி வைஃபை கிளப்புவது. அவசரத்துக்கு ஆகும், தினசரிக்கு வேண்டாம்.

ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டர் ஃபோல்டரில் விழும்படி இருந்தது. திடீரென்று நின்றுவிட்டது.

கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? அந்த வேலையைச் செய்யும் எஸ்எம்பி முறைக்கு உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் பிரின்டருக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கும். இங்கே மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும். மாற்றவே இல்லை என்றால், நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறியிருக்கிறதா பாருங்கள், 'பிரைவேட்' ஆக்குங்கள்.

கம்ப்யூட்டரையே புதிதாக வாங்கியிருந்தால் காரணம் ஆழமானது. பழைய ஜெராக்ஸ் மிஷின்கள் எஸ்எம்பியின் முதல் பதிப்பில் மட்டுமே பேசும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அதே வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதைப் போடாமலேயே கொடுக்கிறார்கள். மறுபடி இயக்கிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். கணக்கு வழக்கு எல்லாம் இருக்கிற கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன். மிஷினில் எஃப்டிபி என்ற வேறொரு ஃபைல் அனுப்பும் முறை இருந்தால் அது, இல்லாவிட்டால் பென்டிரைவ், இல்லாவிட்டால் மெயில்.

மெயிலும் போகவில்லையே?

ஜிமெயில் என்றால், 2022 மே 30 முதல் சாதாரண பாஸ்வேர்டை இப்படிப்பட்ட கருவிகளிடமிருந்து ஏற்பதை கூகுள் நிறுத்தியது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி அதைப் பிரின்டரில் போட வேண்டும். போர்ட் 587 அல்லது 465. பிரின்டரின் தேதி பல வருஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலும் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று தள்ளிவிடலாம், அதையும் திருத்துங்கள். 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது; ஆதார் நகலைக் கலரில் 600 டிபிஐ வைத்து எடுக்காதீர்கள், 200 போதும்.

பிரின்டருக்குக்கூடவா பாஸ்வேர்டு?

பிரவுசரில் திறக்கும் பக்கத்துக்கு அட்மின் பாஸ்வேர்டு ஒன்று கட்டாயம் வையுங்கள். வெளியூரிலிருந்து அச்சிட வசதியாக ரவுட்டரில் 9100ஐத் திறந்துவிடச் சொல்லி முதலாளி கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2018 நவம்பரில் ஓர் ஆள், இப்படித் திறந்து கிடந்த பிரின்டர்களைத் தேடிப்பிடித்துத் தனக்குப் பிடித்த யூடியூபருக்கு ஆதரவான நோட்டீஸை அச்சடிக்க வைத்தார். சுமார் 50,000 பிரின்டர்கள் என்பது அவரே சொன்ன கணக்கு.

கரண்ட் போனால்தானே எல்லாச் சிக்கலும்? பிரின்டரை யூபிஎஸ்ஸில் போட்டுவிடலாமா?

லேசர் பிரின்டரைப் போடாதீர்கள். டோனரைப் பேப்பரில் உருக்கி ஒட்டுவதற்கு உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சூடேறும் விநாடியில் இழுக்கும் கரண்டை மேசைக்கடியில் வைக்கும் சின்ன யூபிஎஸ் தாங்காது. கத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். யூபிஎஸ்ஸில் போட வேண்டியது ரவுட்டரையும் சுவிட்சையும். அவை அணையாமல் இருந்தால் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கும் அழியாது, பிரின்டர் எழுந்து வந்து பழைய எண்ணையே வாங்கிக்கொள்ளும். அதற்கும் வழி இல்லாத ஆபீஸில், கரண்ட் வந்ததும் முதலில் ரவுட்டர், இரண்டு நிமிஷம் கழித்துப் பிரின்டர், கடைசியாகக் கம்ப்யூட்டர் என்ற வரிசையில் போடுங்கள்.

உங்களுக்கு போன் செய்யும் முன் எதைப் பார்த்து வைக்கட்டும்?

பிரின்டரின் மாடல், அதன் இப்போதைய ஐபி, கம்ப்யூட்டரின் போர்ட்ஸ் தாவலில் இருக்கும் ஐபி. இந்த இரண்டு எண்களும் வேறு வேறாக இருந்தால் நீங்களே சரிசெய்துவிடலாம். சரிசெய்த பிறகு அந்த ஐபியைப் பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி மிஷினின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். பேப்பர் வெளியே வருகிற மேல்பக்கம் வேண்டாம். சூட்டில் பசை இளகி, ஸ்டிக்கர் சுருண்டு உள்ளே போய் ரோலரில் சுற்றிக்கொள்ளும். தொரப்பாடியில் ஓர் ஆபீசில் அப்படிச் சுற்றியதைப் பிய்த்தெடுக்க ஒரு மதியம் முழுக்கப் போனது. வெளியே வந்தபோது ஸ்டிக்கரில் ஐபியின் கடைசி எண் மட்டும் கிழிந்து உள்ளேயே நின்றுவிட்டது.